கையெழுத்துக்கு முன் சொல்ல வேண்டியது

திருப்பூர், கோவை வட்டாரத்து முதுகெலும்பு அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கையை வைக்கவே இதை எழுதுகிறேன். கழுத்தெலும்பு அறுவை சிகிச்சைக்கு வரும் பனியன் கம்பெனித் தொழிலாளியிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டுவதற்கு முன்னால், அவருடைய தோளைப் பற்றித் தனியாகப் பேசுங்கள். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்து, தண்டுவடத்தின் மேலிருந்த அழுத்தம் நீங்கி, கால்களில் தெம்பு திரும்பிக்கொண்டிருக்கும்போதே சிலருக்கு ஒரு கையைத் தோளிலிருந்து உயர்த்த முடியாமல் போய்விடுகிறது. நீங்கள் இதைச் சி5 செயலிழப்பு என்று அழைக்கிறீர்கள். உங்கள் மாநாடுகளிலும் ஆய்விதழ்களிலும் இதைப் பற்றி ஏராளமாகப் பேசப்பட்டிருக்கிறது. அந்தப் பேச்சில் ஒரு பகுதியாவது, அந்தக் கையை வைத்துப் பிழைக்கும் மனிதரிடம், அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, அவருடைய மொழியில் போய்ச் சேர வேண்டும். இது நோயாளிக்குக் காட்டும் சலுகை என்று நினைக்கிறவர்கள் உண்டு. இது சிகிச்சையின் பகுதி என்பதும், இதைச் சொல்லாமல் விடும்போது சிகிச்சையே குறைபட்டு நிற்கிறது என்பதும் என் வாதம்.

நீங்கள் அறிந்ததை உங்களுக்கே திருப்பிச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மடலைத் தொழிலாளர்களும் படிப்பார்கள். கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள், எட்டு இணை நரம்புகள். நான்காம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் இடையிலுள்ள துளை வழியாக வெளியே வருவது ஐந்தாம் நரம்பு, அதாவது சி5. கையைப் பக்கவாட்டில் தூக்கும் டெல்டாய்டு தசை பெரும்பாலும் இந்த ஒரு நரம்பையே நம்பியிருக்கிறது. முழங்கையை மடக்கும் பைசெப்ஸுக்கு ஆறாம் நரம்பின் துணையும் உண்டு. அதனால்தான் ஐந்தாம் நரம்பு சுணங்கினால் தோள் முதலில் விழுகிறது. 1960களின் தொடக்கத்திலேயே அமெரிக்க மருத்துவர் ஸ்கோவில் இதைப் பதிவு செய்திருக்கிறார். 2003இல் ஜப்பானின் சகௌரா குழுவினர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது இது நேரும் விகிதம் சராசரியாக 4.6 சதவீதம் என்று வந்தது. தனித்தனி ஆய்வுகளில் அது பூஜ்யத்திலிருந்து 30 சதவீதம் வரை விரிந்து கிடந்தது. முன்கழுத்து வழியாகச் செய்தாலும் பின்கழுத்து வழியாகச் செய்தாலும் சராசரியில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரே ஓர் இடத்தில் ஜவ்வை மட்டும் அகற்றும் சிகிச்சையில் ஆபத்து மிகக் குறைவு. பின்பக்கம் எலும்பை எடுத்துவிட்டுத் திருகாணிகளால் இணைக்கும் சிகிச்சையில் பத்து சதவீதத்தைத் தாண்டிய கணக்குகளும் உண்டு. மொத்தத்தில் தோராயமாக இருபது பேரில் ஒருவர்.

இது ஏன் வருகிறது என்பதில் உங்களுக்குள்ளேயே இன்னும் முடிவு ஏற்படவில்லை. பின்பக்கத்து எலும்பைத் திறந்ததும், இதுவரை நெருக்குண்டு கிடந்த தண்டுவடம் பின்னோக்கி நகர்கிறது; கழுத்தின் வளைவில் அந்த நகர்வு அதிகமாக இருக்கும் இடத்தில்தான் குட்டையான ஐந்தாம் நரம்புவேர் இருக்கிறது; அது இழுபடுகிறது என்பது ஒரு விளக்கம். நெடுநாள் நசுங்கியிருந்த தண்டுவடத்துக்குள் இரத்த ஓட்டம் திடீரென்று திரும்புவதால் ஏற்படும் காயம் என்பது இன்னொன்று. நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலுள்ள துளை ஏற்கெனவே குறுகியிருந்தவர்களுக்கும், பின்பக்க நீள்தசைநார் எலும்பாக இறுகிப்போனவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதில் பெரும்பாலும் உடன்பாடு இருக்கிறது. அறுவையின்போது நரம்பின் மின்சமிக்ஞைகளைக் கண்காணித்து, எல்லாம் சரியாக இருந்தது என்று உறுதி செய்த பிறகும் இரண்டு நாள் கழித்துத் தோள் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இதை மருத்துவரின் கைப்பிழை என்று எடுத்த எடுப்பில் சொல்வது தவறு, அநியாயமும்கூட. திறமையான கைகளிலும் இது நேர்கிறது. அப்படி இருக்கும்போது இதைச் சொல்வதில் உங்களுக்கு எந்தத் தலைகுனிவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி அந்தக் கை திருப்பூரில் என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். உங்கள் நோயாளிக் குறிப்பேட்டில் தொழில் என்ற இடத்தில் 'டெய்லர்' என்றோ 'கம்பெனி வேலை' என்றோ ஒரு சொல் இருக்கும். ஆனால் பனியன் கம்பெனிக்குள் ஒரே தொழில் இல்லை. அயர்னிங் மேசையில் நிற்பவர் நீராவி இஸ்திரிப் பெட்டியை ஷிப்ட் முழுக்கத் தள்ளி, இழுத்து, தூக்கி வைக்கிறார்; அவருக்குத் தோள் போனால் அந்த வேலை அன்றோடு முடிந்தது. கட்டிங் மாஸ்டர் அகலமான மேசையில் துணியை அடுக்கடுக்காக விரிக்க எட்டிக் கை நீட்ட வேண்டும். துணி ரோல் இறக்குகிறவருக்குச் சொல்லவே வேண்டாம். செக்கிங்கில் இருக்கும் பெண் ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்க்கிறார். தூக்க முடியாவிட்டால் மேசையில் விரித்துப் பார்க்கலாம், ஆனால் எண்ணிக்கை பாதியாகும். ஓவர்லாக், பேட்லாக் டெய்லருக்கு விரல்கள் நன்றாகவே இயங்கும், ஏனென்றால் விரல்களுக்குரிய நரம்புகள் கீழே வேறு; ஆனால் பக்கத்திலிருந்து கட்டை எடுத்து முன்னால் வைக்கவும், தைத்து முடித்ததை ஒதுக்கிப் போடவும் தோள் வேண்டும், முழங்கை மடங்க வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒவ்வொரு பீஸுக்கும் கூடும் நொடிகள் சனிக்கிழமைச் சம்பளத்தில் தெரியும். உட்கார்ந்து மடியில் வைத்துப் பிசிர் வெட்டும் உதவியாளர் ஒருவேளை சமாளித்துவிடுவார். ஒரே நரம்பு, ஒரே செயலிழப்பு. ஒருவருக்கு அது சிரமம், இன்னொருவருக்கு அது வேலை இழப்பு. அலுவலகத்தில் கணிப்பொறி முன்னால் உட்காருபவரையும் அயர்ன் மாஸ்டரையும் ஒரே படிவத்தின் ஒரே வரியால் எச்சரித்துவிட முடியாது.

ஒப்புதல் பற்றிய சட்டம் வளர்ந்த கதையிலேயே ஒரு கழுத்து அறுவை சிகிச்சை இருக்கிறது. லண்டனில் 1974இல் கழுத்து, தோள், கை வலிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண் அதன்பின் கடுமையாக முடங்கிப்போனார். நரம்புவேருக்கும் தண்டுவடத்துக்கும் சேர்த்து ஒன்றிலிருந்து இரண்டு சதவீத ஆபத்து இருந்தது; அது தனக்குச் சொல்லப்படவில்லை என்பது அவர் வழக்கு. 1985இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அதைத் தள்ளுபடி செய்தது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதைப் பெரும்பாலும் மருத்துவர் சமூகத்தின் வழக்கமே தீர்மானிக்கும் என்ற நிலை நிலைத்தது. சிடவே வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பு முப்பது ஆண்டுகள் நின்றது. இடையில் 1992இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வேறு திசையில் போனது. ஒரு கண்ணில் ஏற்கெனவே ஏறக்குறைய பார்வையே இல்லாத பெண், அந்தக் கண்ணில் செய்யப்போகும் சிகிச்சையால் நல்ல கண்ணுக்கு ஏதாவது வருமா என்று விடாமல் கேட்டிருந்தார். பதினாலாயிரத்தில் ஒன்று என்ற ஆபத்து அவருக்குச் சொல்லப்படவில்லை. நல்ல கண்ணும் போனது. எண் சிறியதுதான், ஆனால் இருக்கும் ஒரே கண்ணை இழக்கக்கூடியவருக்கு அது சிறியதில்லை என்று நீதிமன்றம் ஏற்றது. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமே மான்ட்கோமரி வழக்கில் சிடவே தீர்ப்பின் வழியைக் கைவிட்டு, இந்த நோயாளியின் நிலையில் இருப்பவர் எந்த ஆபத்தைப் பொருட்படுத்துவார் என்பதே அளவுகோல் என்று வைத்தது. அது பிரசவ வழக்கு. அதில் குழந்தைக்கு நேர்ந்த பாதிப்புகளில் ஒன்று கையை முடக்கும் எர்ப் வாதம், அதாவது இதே ஐந்தாம், ஆறாம் நரம்புகளின் காயம்.

நம் நாட்டின் நிலை 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், முக்கியமான ஆபத்துகள், சிகிச்சையை மறுத்தால் வரும் விளைவு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். எங்கோ அபூர்வமாக நேரக்கூடியதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தத் தேவையில்லை என்றது நீதிமன்றம். மேலை நாட்டு அளவுகோலை அப்படியே எடுத்துக்கொள்ளவும் மறுத்தது. இங்கே பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவு குறைந்தவர்கள், மருத்துவச் சொற்கள் அவர்களுக்கு விளங்காது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. உங்களில் சிலர் இந்தத் தீர்ப்பையே மேற்கோள் காட்டலாம். ஆனால் இருபதில் ஒன்றை அபூர்வம் என்று எந்த வாசிப்பிலும் சொல்ல முடியாது. விளங்காது என்பதையும் இந்த ஊரை வைத்து நான் ஏற்க மாட்டேன். நூறு பீஸுக்கு எத்தனை ரிஜெக்ட் ஆகலாம், எத்தனையைத் தாண்டினால் மொத்த லாட்டும் திரும்பிவரும் என்பதைப் பள்ளிப் படிப்பை முடிக்காத செக்கிங் பெண்ணும் அறிவார். சதவீதம் அவர்களுக்கு அன்றாட மொழி. நூறு பேருக்கு இந்த ஆபரேஷன் செய்தால் ஐந்து பேருக்குத் தோள் சில மாதம் தூக்க வராது என்று சொன்னால் விளங்காதவர் இந்த ஊரில் யாரும் இல்லை.

படிவத்தில் அது ஏற்கெனவே இருக்கிறதே என்பது உங்கள் முதல் மறுமொழியாக இருக்கலாம். இருக்கிறது, 'நரம்பு பாதிப்பு' என்று, இரத்தப்போக்கு, தொற்று, மயக்கமருந்து ஒவ்வாமை, மரணம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில், பல இடங்களில் ஆங்கிலத்தில். எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லும் பட்டியல் எதையும் சொல்வதில்லை. மரணம் என்ற சொல்லைப் படித்தவர் அதற்கு மேல் எதையும் படிப்பதில்லை. மேலும் 'நரம்பு பாதிப்பு' என்றால் தொழிலாளி நினைப்பது கை கால் மொத்தமாக விழுந்துவிடுவதைத்தான். ஒரு தோள் மட்டும், சில நாள் கழித்து, பெரும்பாலும் மீளும் வகையில் என்ற உண்மை அந்தச் சொல்லுக்குள் இல்லை. பொதுச் சொல் சில நேரம் உண்மையைவிடப் பெரிய பயத்தைக் கொடுக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சொன்னால் பயந்துபோய் ஆபரேஷனே வேண்டாம் என்று போய்விடுவார்கள். தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருப்பவர் போய்விட்டால் அடுத்த ஆண்டு சக்கர நாற்காலியில் வருவார். இந்தக் கவலை உண்மையானது, நான் இதை எளிதாகத் தள்ளவில்லை. ஊசியில் நூல் கோக்கத் தடுமாறுவது, சட்டைப் பொத்தான் போட வராதது, நடையில் தள்ளாட்டம் என்று தொடங்கும் தண்டுவட நோய் நடுத்தர நிலையையோ கடுமையான நிலையையோ எட்டிவிட்டால் அறுவை சிகிச்சையே வழி என்று 2017இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. அந்த நிலையில் இருப்பவரை ஆபரேஷனிலிருந்து விரட்டுவது என் நோக்கம் இல்லை. ஆனால் நீதிமன்றம் சொன்ன பட்டியலின் கடைசிப் பகுதியைப் பாருங்கள்: மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு கையும் இரண்டு காலும் மெல்லப் போகும். செய்தால் இருபதில் ஒருவருக்கு ஒரு தோள் விழும், அதுவும் பெரும்பாலும் மாதங்களில் திரும்பும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதைத் தேர்வது என்பதில் பெரும்பாலோருக்குக் குழப்பம் இருக்காது. குழப்பம் யாருக்கு வரும் என்றால், தண்டுவடத்தில் அழுத்தம் இல்லாமல் கழுத்து வலியோ கைக்குள் ஓடும் வலியோ மட்டும் இருப்பவருக்கு. அவர்களில் பெரும்பாலோருக்கு மருந்து, பிசியோதெரபி, சில வார ஓய்வில் வலி தணிந்துவிடும். அப்படிப்பட்டவர் இந்த எண்ணைக் கேட்டுத் தயங்கினால், அந்தத் தயக்கம் அவருக்கு நல்லதே.

பயத்தைப் பற்றி இன்னொன்று. சொல்லாமல் விட்டால் பயம் இல்லாமல் போவதில்லை. தாமதமாக, பலருக்கும் சேர்த்து வருகிறது. ஒரு லைனில் முப்பது, நாற்பது பேர் உட்கார்ந்து தைக்கும் இடத்தில், கழுத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் கை தொங்கத் திரும்பி வந்தால், 'கழுத்துல கத்தி வெச்சா கை போயிரும்' என்பது அந்த லைன் முழுக்கப் பரவிவிடும். அடுத்து உண்மையாகவே தண்டுவடம் நசுங்கும் ஒருவர் அந்த ஒற்றை வாக்கியத்தைக் கேட்டுத்தான் மருத்துவமனைக்கு வராமல் இருப்பார். முன்கூட்டியே சொல்லப்பட்டவர் திரும்பி வந்து, 'இப்படி ஆகலாம்னு டாக்டர் முதல்லயே சொன்னாரு, ஆறு மாசத்துல சரியாகும்னாரு' என்று சொன்னால், அதே லைன் வேறு பாடம் கற்கும்.

தடுக்க முடியாத ஒன்றை, பெரும்பாலும் தானாகவே குணமாகும் ஒன்றை முன்கூட்டிச் சொல்லி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் விரிவான பதில் இருக்கிறது. முதலில் நாள்கணக்கு. இந்தச் செயலிழப்பு பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் வருகிறது. சிலருக்குச் சில வாரங்கள் கழித்தும். அதற்குள் நோயாளி வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார். இங்கே வீடு என்பது பலருக்குத் தேனியிலோ திண்டுக்கல்லிலோ ஒடிசாவிலோ இருக்கிறது. ஓய்வெடுக்க அங்கே போய்விடுவார்கள். காலையில் சீப்பை எடுக்கக் கை எழவில்லை என்றால், முன்பே சொல்லப்படாதவர் அதைக் கட்டுப் போட்டதால் வந்த அசதி என்று நினைப்பார், வாயு பிடிப்பு என்று எண்ணெய் தேய்ப்பார், அல்லது ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டி உங்களிடம் வரவே மாட்டார். ஆனால் புதிதாக வரும் ஒவ்வொரு பலவீனமும் சி5 செயலிழப்பு இல்லை. தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் கட்டியிருக்கலாம், பொருத்திய கருவி நகர்ந்திருக்கலாம். இரத்தக் கட்டு என்றால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். எது என்று பிரித்தறிய ஸ்கேன் வேண்டும், ஸ்கேனுக்கு நோயாளி வர வேண்டும், வருவதற்கு அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆபத்து அறிகுறியைச் சொல்லி அனுப்புவது பாதுகாப்பு நடவடிக்கை. அதை ஒப்புதலின் பகுதியாக முன்னாலேயே சொல்லிவிட்டால் வீட்டுக்கு அனுப்பும் நாளில் நினைவூட்டினால் போதும்.

அடுத்தது பணம். குணமாகும் என்பது உண்மை, ஆனால் எத்தனை நாளில்? லேசான பலவீனம் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்புகிறது. தோளைப் புவியீர்ப்புக்கு எதிராகத் துளியும் தூக்க முடியாத அளவுக்கு விழுந்தவர்களுக்கு ஆறு மாதம், ஓர் ஆண்டு, சிலருக்கு இரண்டு ஆண்டு வரை ஆகிறது. ஒரு பகுதியினருக்கு முழுமையாகத் திரும்புவதே இல்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அதன் நோய்க்காலப் பலன் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள். கழுத்து ஆபரேஷனிலிருந்து தேறுவதற்கே அதில் பெரும்பகுதி போய்விடும். நீண்டகால நோய்களுக்கான நீட்டித்த பலன் ஒன்று இருக்கிறது: 34 நோய்களுக்கு, 80 சதவீதச் சம்பளம், இரண்டு ஆண்டு வரை. தண்டுவட அழுத்தமும், ஒரு கையோ காலோ செயலிழப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அதைப் பெற ஏறத்தாழ இரண்டு ஆண்டு தொடர்ந்து காப்பீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். சீசனுக்குச் சீசன் கம்பெனி மாறுகிறவருக்கும், ஜாப் ஒர்க் யூனிட்டில் கான்ட்ராக்டரிடம் கூலி வாங்குகிறவருக்கும் அந்தத் தொடர்ச்சி பெரும்பாலும் அறுந்திருக்கும். இவையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால் யோசிக்க வேண்டியவை. தன் கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவும், எடுத்திருக்கும் வாரக் கடனுக்கு வழி தேடவும், மேஸ்திரியிடம் வேறு இடத்தில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்கவும் அவருக்கு அவகாசம் வேண்டும். உங்கள் ஒரு வாக்கியம் அந்த அவகாசத்தைக் கொடுக்கிறது. வீடு திரும்பும்போது கொடுக்கும் சுருக்கக் குறிப்பில் 'கை பலவீனம்' என்று மட்டும் எழுதாமல், எந்த நரம்பு, எந்தத் தசை, எந்த அளவு என்று எழுதிக் கொடுத்தால், இ.எஸ்.ஐ. மருத்துவர் முன்னால் அது அவருக்குச் சோறு.

இன்னும் ஒரு பயன், என் மனதுக்கு மிக முக்கியமானது. குணமாகிவிடும் என்ற ஆறுதலுக்கு ஒரு கெடு உண்டு. நரம்பிலிருந்து கட்டளை வராத தசை ஏறத்தாழ ஓர் ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் மீட்க முடியாத நிலைக்குப் போகத் தொடங்கும். அதற்கு முன்னால் நல்ல நிலையில் இருக்கும் வேறொரு நரம்பின் கிளையை எடுத்து இணைக்கும் வழி இருக்கிறது. முழங்கையை மடக்க வைப்பதற்கு 1994இல் பிரான்சின் ஒபெர்லின் ஒரு முறையைச் சொன்னார். டெல்டாய்டுக்கு ட்ரைசெப்ஸ் நரம்பின் ஒரு கிளையைக் கொண்டுவரும் முறையை 2003இல் தாய்லாந்து மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இந்த வட்டாரத்துக்கு ஒரு பேறு: முதுகெலும்பு அறுவைக்கும், கையின் நரம்பு மாற்று அறுவைக்கும் உலகம் அறிந்த கங்கா மருத்துவமனை கோவையில், திருப்பூரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் 'பொறுங்கள், வந்துவிடும்' என்ற சொல்லை நம்பி ஒருவர் ஒன்றரை ஆண்டு காத்திருந்துவிட்டால், அந்த வசதி பக்கத்தில் இருந்து அவருக்கு ஆவது ஒன்றுமில்லை. மூன்று மாதத்தில் அசைவே தென்படாவிட்டால் மறுபடி சோதிக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் கைநரம்பு அறுவை மருத்துவரிடம் ஒரு கருத்துக் கேட்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். காத்திருப்பதற்கும் கைவிடுவதற்கும் இடையிலுள்ள கோடு எங்கே இருக்கிறது என்பது நோயாளிக்குத் தெரிந்திருக்கட்டும்.

யாரிடம் சொல்வது என்பதிலும் ஒரு பிசகு நடக்கிறது. நம் குடும்பங்களில் கணவரோ அண்ணனோ மகனோ முன்னால் வந்து, 'அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, பயந்துருவாங்க, என்கிட்ட சொல்லுங்க' என்பார்கள். அதில் இருக்கும் அன்பை நான் மறுக்கவில்லை. ஆனால் பனியன் தொழிலில் பெருந்தொகையினர் பெண்கள். தோள் அவர்களுடையது, அந்தத் தோளின் சம்பாத்தியத்தில்தான் பல வீடுகளில் வாடகை போகிறது. சமீரா கோலி வழக்கில் நோயாளி மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் வாங்கிய ஒப்புதல் செல்லாது என்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. நோயாளி விவரம் அறிந்த வயது வந்தவர், அவர் விழிக்கும் வரை காத்திருக்கலாம் என்பது காரணம். குடும்பத்தாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு நோயாளியின் முகத்தைப் பார்த்து இருக்கட்டும். பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழ்ப் படிவமும் ஆங்கிலப் படிவமும் ஒன்றுதான். கான்ட்ராக்டர் சொல்வதை மொழிபெயர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவருக்கு அந்தத் தொழிலாளி சீக்கிரம் திரும்ப வேண்டும் என்ற தேவை இருக்கிறது. இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு பக்கத் துண்டறிக்கை தயாரிப்பது எந்த மருத்துவமனைக்கும் பெரிய செலவில்லை.

வழக்குப் போடுவார்கள் என்ற பயத்தைப் பற்றி நீட்டிப் பேச விரும்பவில்லை. 2004இல் பிரிட்டனின் செஸ்டர் வழக்கில் முதுகு அறுவை சரியாகவே செய்யப்பட்டிருந்தது. ஒன்று, இரண்டு சதவீத ஆபத்தை முன்கூட்டிச் சொல்லாததற்காக மட்டும் மருத்துவர் பொறுப்பாக்கப்பட்டார். சொன்னதும், சொன்னதை எழுதி வைத்ததும் யாரையும் சிக்க வைத்ததில்லை. நேரம் இல்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெளிநோயாளர் பிரிவில் உங்கள் முன் நிற்கும் வரிசையை அறிவேன். இந்தப் பேச்சுக்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தையும் நீங்களே பேச வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற செவிலியரோ பிசியோதெரபிஸ்டோ தொடங்கி வைக்கலாம், ஆபரேஷனுக்கு முன் அந்தத் தோளின் பலத்தை அளந்து குறித்து வைக்கும் வேலையோடு அதைச் சேர்த்துவிடலாம். கேள்விக்குப் பதில் சொல்ல நீங்கள் இருந்தால் போதும்.

முடிவாக ஒன்று கேட்கிறேன். நான் மேலே சொன்ன 4.6 சதவீதம் ஜப்பானிய மருத்துவர்கள் உலக ஆய்வுகளிலிருந்து தொகுத்தது. கோவையிலும் திருப்பூரிலும் உங்கள் கையால் நடக்கும் சிகிச்சையில் அது எத்தனை என்பதுதான் இங்கே கையெழுத்துப் போடுகிறவருக்கு வேண்டிய எண். ஆபரேஷனுக்கு முன்னால், மறுநாள், வீடு திரும்பும் நாளில், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று ஒவ்வொருவரின் தோளையும் முழங்கையையும் சோதித்து ஒரு பேரேட்டில் பதியுங்கள். எந்த வகை அறுவை, எந்த எலும்புகளில், நோயாளி என்ன வேலை செய்கிறவர், எந்த மாதம் வேலைக்குத் திரும்பினார், அதே வேலைக்கா வேறு வேலைக்கா என்ற பத்திகளும் அதில் இருக்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரியும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் பெயர்களை நீக்கிவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கணக்கை ஒன்றாக வைத்துப் பாருங்கள், வெளியிடுங்கள். தொழிற்சங்கங்களும் ஏற்றுமதியாளர் சங்கமும் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். தோள் தேறும் வரை ஒருவரை உட்கார வைக்க எந்த மேசை பொருந்தும் என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.